வீடு வாங்கும்முன் மீட்டர் போர்டைப் பாருங்கள்: பழைய ஓனரின் பாக்கி யார் தலையில்?

படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டு. அதில் மூன்று மீட்டர். இரண்டில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் உயிர் இல்லை. ஃபியூஸ் கேரியரைக் கழற்றிய இடத்தில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஆதம்பாக்கத்தில் அந்தப் பழைய தனி வீட்டைப் பார்க்கப் போன அன்று விற்பவரிடம் கேட்டேன். "அதுவா சார், பழைய மோட்டார் சர்வீஸ். யூஸ்ல இல்ல, விட்டுடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கிரயம் முடிந்து எட்டு மாதம் கழித்து, மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி அதற்குப் புது சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, கேட்டு இ.பி. செக்‌ஷன் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்தவர், "இதே அட்ரஸ்ல ஒரு கமர்ஷியல் சர்வீஸ் டிஸ்கனெக்ட் ஆகி நிக்குது சார். 23,640 ரூபாய் பாக்கி. அதைக் கட்டிட்டு வாங்க" என்றார். மோட்டார் சர்வீஸ் இல்லை. முன்னறையில் யாரோ தையல் கடை வைத்திருந்த காலத்து மீட்டர். கடைக்காரர் கட்டாமல் போய்விட்டார், ஓனரும் கண்டுகொள்ளவில்லை. விற்றவருக்கு போன் போட்டால், "அது வாடகைக்காரன் பண்ணது சார், எனக்கென்ன தெரியும்" என்கிறார்.

இத்தனைக்கும் தாய்ப்பத்திரத்திலிருந்து முப்பது வருட வில்லங்கம் வரை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும்: கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பதிவான அட்டாச்மென்ட். இ.பி. பாக்கி, தண்ணி வரி பாக்கி, அசோசியேஷன் பாக்கி எதுவும் அதில் தலைகாட்டாது. பேங்க் லோன் போட்டாலும் அதே கதைதான். பேங்க் வக்கீல் பார்ப்பது டைட்டில். மீட்டரை எண்ணுவது அவர் வேலை இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று நாலைந்து பேர் வீடு வாங்கும்போது கூடவே அலைந்திருக்கிறேன். சென்னையில் முதல்முறை பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்கள் எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம், இரண்டே கேள்வியாக

கடன் யாருடையது என்பது ஒரு கேள்வி. கட்டாவிட்டால் யார் வீட்டில் இருட்டு என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம்.

முதல் கேள்விக்கு 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பிரிவு 55(1)(ஜி): கிரயத் தேதி வரை சொத்தின் மேல் ஏறிய வரிகள் முதலிய பொதுக் கட்டணங்களை விற்பவர் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருவது வாங்குபவர் பாடு. ஆனால் 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற நிபந்தனையோடுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. அதனால் விற்பவர் தரப்பில் அடித்துக் கொடுக்கும் டிராஃப்டில் 'எல்லா நிலுவைகளையும் வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார்' என்று ஒரு வரி நடுவில் உட்கார்ந்திருந்தால், சட்டம் கொடுத்த பாதுகாப்பை நீங்களே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு வாங்கப் போகிறோம் என்றதும் குடும்பத்தில் சட்டம் தெரிந்த ஒரு பெரியப்பா கிளம்புவார்: "பழைய ஓனர் பாக்கிக்கு நீ பொறுப்பில்லப்பா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு." அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் பழசு. 1995இல் இஷா மார்பிள்ஸ் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. பழைய நுகர்வோரின் பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். பிறகு 2003இல் புது மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒவ்வொரு மாநிலத்து மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் விதித்தொகுப்பு போட்டது. தமிழ்நாட்டில் அது 2004இல் வந்தது. வீடு கைமாறினால், சர்வீஸைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர் இருக்கும் பாக்கியைக் கட்டிவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு.

இந்த மாதிரி விதிகள் செல்லுமா என்ற கேள்விக்கு 2023 மே 19 அன்று முடிவு வந்தது. கே.சி. நினன் எதிர் கேரள மாநில மின்சார வாரியம் என்ற வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம். மின்சார பாக்கி தானாகவே வீட்டின் மேல் ஏறிய கடன் ஆகிவிடாது. சட்டத்திலோ விதியிலோ அப்படி எழுதியிருந்தால்தான் ஆகும். ஆனால், 'பழைய பாக்கியைக் கட்டினால்தான் இந்த இடத்துக்கு மறுபடி கரண்ட் கொடுப்பேன்' என்று விதித்தொகுப்பில் நிபந்தனை இருந்தால் அது செல்லும். நீங்கள் கடன்காரர் இல்லை, ஆனால் லைட் எரிய வேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும். பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு காபி ஆறிவிடும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: 'இரண்டு வருஷத்துக்கு மேல ஆன பாக்கியை இ.பி. கேட்க முடியாது.' மின்சாரச் சட்டம் 56(2)இல் இரண்டு வருடக் கெடு இருப்பது உண்மை. தொடர்ந்து பில்லில் நிலுவையாகக் காட்டிவந்தால் அந்தக் கெடு பொருந்தாது என்பதும் அதே பிரிவிலேயே இருக்கிறது. அதோடு, சிவில் கோர்ட் வழியாக வசூலிப்பதை அந்தப் பிரிவு தடுக்காது என்று அதே 2023 தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள். பழைய பாக்கி தானாகக் காலாவதியாகிவிடும் என்று நம்பி வீடு வாங்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே மீட்டர் போர்டு எங்கே என்று கேளுங்கள். எத்தனை மீட்டர் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள்; சீரியல் நம்பரும் ரீடிங்கும் தெரிகிற மாதிரி. மீட்டர் இல்லாமல் வெறும் ஒயர் தொங்கும் இடம், பழைய மீட்டர் கழற்றிய ஆணித் தடம், இதையெல்லாமும் சேர்த்து எடுங்கள். புரோக்கர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்து ஒவ்வொரு மீட்டருக்கும் சர்வீஸ் நம்பர் கேளுங்கள். சென்னையில் வடக்கு மண்டலம் என்றால் நம்பர் 01இல் ஆரம்பிக்கும், தெற்கு என்றால் 09. பழைய வீடுகளில் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம், முன்னால் பக்கத்திலேயே நம்பரும் டேரிஃபும் (கட்டண வகை) இருக்கும். நம்பரை வைத்து மின் பகிர்மானக் கழகத்தின் தளத்தில் பில் நிலவரம் பார்த்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு இது போதும். நின்றுபோன சர்வீஸ் என்றால் நேரில் போய்க் கேட்பதுதான் உறுதி.

பில் கையில் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். டேரிஃப் என்ன என்று பாருங்கள். வீட்டு உபயோகம் என்றால் 1ஏ. அந்த வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடையோ, டியூஷன் சென்டரோ, பியூட்டி பார்லரோ 1ஏ கரண்டில் ஓடிக்கொண்டிருந்தால் அது பின்னால் வெடிக்கக்கூடிய விஷயம். அனுமதியில்லாத உபயோகம் என்று மின்சாரச் சட்டம் பிரிவு 126இல் கணக்குப் போட்டால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து அப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் ஆய்வுத் தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடுவார்கள். ஆய்வு நடக்கும் நாளில் வீட்டில் நீங்கள் இருந்தால், கதவைத் திறப்பதும் நீங்கள்தான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இன்னொரு விஷயம். விற்பனைக்கு வந்து மாதக்கணக்கில் பூட்டியிருந்தால் ரீடிங் எடுக்க வருகிறவர் டோர் லாக் என்று போட்டுவிட்டு, பழைய சராசரியில் பில் அடித்துவிடுவார். மீட்டரில் ஓடியிருப்பது வேறு, பில்லில் இருப்பது வேறு. பில்லில் காட்டிய ரீடிங்கையும் நீங்கள் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது அடுத்த பில்லில் வரும், அதாவது உங்கள் பில்லில்.

அக்ரிமென்ட் போட்டு, கிரயத்துக்கு முன்

அட்வான்ஸ் கொடுத்த பிறகு விற்பவர் உங்களோடு ஒத்துழைக்க வேண்டிய காலம் இது. இந்த இரண்டு மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள். விற்பவரையே செக்‌ஷன் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: 'கீழ்க்கண்ட கதவு எண்ணில் உள்ள எல்லா மின் இணைப்புகள், நிறுத்தப்பட்டவை உட்பட, அவற்றின் நிலுவை விவரம் தேவை.' 'நிறுத்தப்பட்டவை உட்பட' என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதமே. நான் அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் 23,640 ரூபாய் மிச்சம். கடிதத்துக்கு ஒப்புதல் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் பதில் வரத் தாமதமானால் விற்பவரோடு நேரில் போய் லெட்ஜர் நிலவரத்தைப் பார்த்து, தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு எண் மாறிய தெருக்களில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதுங்கள். பழைய சர்வீஸ் பழைய எண்ணில் ஒளிந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் சென்னை தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போல இல்லை. இங்கே மாநகராட்சி தனி, குடிநீர் வாரியம் தனி. 1978ஆம் வருடச் சட்டத்தில் பிறந்த மெட்ரோ வாட்டருக்கு இரண்டு வசூல் உண்டு. ஒன்று குடிநீர், கழிவுநீர் வரி. வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். அதை அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். இன்னொன்று கட்டணம். இது தண்ணீர் எடுப்பதற்கு. வரி ரசீதை மட்டும் காட்டிவிட்டு 'தண்ணியெல்லாம் கட்டியாச்சு' என்பார்கள். கட்டண பாக்கி தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பில்லில் இருக்கும் சி.எம்.சி. எண்ணை வைத்து இரண்டையும் பார்க்கலாம். குழாய் இணைப்பே இல்லாத வீடு என்றாலும் வாரியத்தின் சேவைப் பகுதிக்குள் இருந்தால் வரி உண்டு. 'எங்க வீட்ல போர்தான், மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷனே இல்ல' என்பது வரி பாக்கிக்குப் பதில் ஆகாது.

2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174இலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஆனது. அம்பத்தூர், மடிப்பாக்கம், பெருங்குடி மாதிரி அப்போது சேர்ந்த பக்கங்களில் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பாதாள சாக்கடை இணைப்பு வாங்கியாயிற்றா, அதற்கான பணம் முழுக்கக் கட்டியாயிற்றா, தவணையில் நிற்கிறதா. இரண்டு, பழைய நகராட்சி அல்லது பஞ்சாயத்துக் காலத்து வரி எண்ணில் ஏதாவது பாக்கி தொங்குகிறதா.

சொத்து வரிக்கு வருவோம். இதில் சந்தேகமே வேண்டாம். இது ஆளின் மேல் மட்டும் இல்லை, கட்டடத்தின் மேலேயே முதல் பாத்தியதையாக ஏறுவது. வீடு யார் கைக்குப் போனாலும் பாக்கி கூடவே போகும். மண்டலம், வார்டு, பில் எண் என்று நீளும் எண்ணை மாநகராட்சித் தளத்தில் போட்டால் ஒவ்வொரு அரையாண்டும் தனித்தனியாக வரும். மொத்தத் தொகையைப் பார்த்தால் போதாது, வருட வாரியாகப் பாருங்கள். 2022இல் சென்னையில் வரியைச் சீரமைத்து, வீட்டின் பரப்பைப் பொறுத்து மளமளவென்று ஏற்றினார்கள். 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 150 சதவீதம் வரை. அப்போது கோபத்தில் பழைய தொகையை மட்டும் கட்டிவிட்டு வித்தியாசத்தை அப்படியே விட்ட ஒரு வீட்டை நானே பார்த்தேன். ரசீது கத்தை கத்தையாக இருந்தது, பாக்கியும் இருந்தது.

ரசீதில் இருக்கும் பரப்பளவையும் பத்திரத்தில் இருக்கும் பரப்பளவையும் ஒப்பிடுங்கள். 650 சதுர அடிக்கு வரி கட்டிக்கொண்டு 1,100 சதுர அடி வீட்டை விற்பவர்கள் உண்டு. மறு அளவீடு வரும்போது வித்தியாசத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஃபிளாட் என்றால்

மேலே சொன்னது எல்லாம் பொருந்தும், அதோடு அசோசியேஷன். உங்கள் ஃபிளாட்டின் மீட்டர் சுத்தமாக இருக்கலாம். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது சர்வீஸ் பாக்கியில் நிற்கலாம். செயலாளரிடம் நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்குவதை எல்லாரும் செய்கிறார்கள். கடிதத்தில் மாத மெயின்டெனன்ஸ் மட்டும் இருக்கிறதா, பெயின்ட் அடித்ததற்கும் ஜெனரேட்டர் வாங்கியதற்கும் தலைக்கு இவ்வளவு என்று போட்ட சிறப்பு வசூலும் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் தனியார் லாரித் தண்ணீர் வாங்கிய கணக்கு பல இடங்களில் மாதக் கணக்கில் சேராமல் தனி நோட்டில் இருக்கும்.

பில்டரிடமே நேரடியாகப் புது ஃபிளாட் வாங்கினால் நிலைமை உங்கள் பக்கம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 11(4)(ஜி): உங்கள் கையில் சாவி தரும் வரையிலான உள்ளாட்சி வரி, தண்ணீர், மின்சாரம் எல்லாம் பில்டர் பொறுப்பு. கட்டாமல் விட்டால் கைமாறிய பிறகும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய வீட்டை இடித்துக் கட்டிய இடமாக இருந்தால், இடித்த வீட்டின் சர்வீஸும் வரி எண்ணும் முறையாக மூடப்பட்டதா, கட்டுமானத்துக்கு எடுத்த டெம்பரவரி சர்வீஸ் சரண்டர் ஆயிற்றா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் என்ன எழுதுவது, கையில் எவ்வளவு நிறுத்துவது

'மேற்படி சொத்தில் வில்லங்கம் ஏதுமில்லை' என்ற வழக்கமான வரி போதாது. சர்வீஸ் நம்பர்கள், சி.எம்.சி. எண், சொத்து வரி எண் மூன்றையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதன் கீழ் இந்த மாதிரி ஒரு ஷரத்து: 'கிரயத் தேதி வரையிலான மின்சாரம், குடிநீர், கழிவுநீர், சொத்து வரி, பராமரிப்பு நிலுவைகள், அந்தக் காலத்துக்காகப் பின்னால் தணிக்கையிலோ மறு மதிப்பீட்டிலோ கேட்கப்படும் தொகைகள் உட்பட, அனைத்தையும் விற்பவரே செலுத்த வேண்டும், வாங்குபவர் செலுத்த நேர்ந்தால் விற்பவர் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும்.' தணிக்கையைச் சேர்த்ததற்குக் காரணம், இ.பி. ஆடிட்டில் கண்டுபிடிக்கும் விடுபட்ட தொகை பல மாதம் கழித்துக்கூட வரும்.

இந்த ஷரத்து உங்களுக்கும் விற்றவருக்கும் நடுவில்தான். இ.பி.காரர் அதைப் படித்துவிட்டு "ஓ, அப்ப அவர்கிட்டயே வாங்கிக்கறோம்" என்று சொல்லப்போவதில்லை. அதனால் ஷரத்தோடு கொஞ்சம் பணத்தையும் பிடித்து வைப்பதுதான் நிஜமான பாதுகாப்பு. 25,000 முதல் 50,000 ரூபாய் வரை, முதல் பில்லும் பெயர் மாற்றமும் முடியும் வரை. லோன் போடுகிறவர்கள் கவனிக்க: பேங்க் டிடி கிரய நாளன்றே விற்பவர் கைக்குப் போய்விடும். அதனால் நிறுத்தி வைக்கும் தொகை உங்கள் சொந்தப் பங்கிலிருந்து வர வேண்டும். அதை அக்ரிமென்டிலேயே பேசி எழுதிவிடுங்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் புதிதாகக் கிளப்பினால் சண்டைதான் வரும். விற்பவர் வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர் என்றால் இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இ.பி.யில் அவர் கட்டிய டெபாசிட் இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்ற அவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்டால் கொடுத்துவிட்டு, கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால், அவர் போனை எடுக்காத நாளில் உறுதிமொழிப் பத்திரம், புது டெபாசிட் என்று நீங்கள் சுற்ற வேண்டியிருக்கும்.

கிரய நாள்

காலையில் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குப் போகும் வழியில் வீட்டுக்குப் போய் எல்லா மீட்டரையும் மறுபடி போட்டோ எடுங்கள். முடிந்தால் விற்பவரையும் கூட வைத்துக்கொண்டு. நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கிரயம் நடுவில் வந்து விழும். ஒரு கணக்கு பாருங்கள். கடைசி ரீடிங் ஆகஸ்ட் 5இல் 18,240. கிரயம் செப்டம்பர் 12, அன்றைக்கு மீட்டரில் 18,571. விற்பவர் எரித்தது 331 யூனிட். அக்டோபர் ரீடிங் வரை நீங்கள் எரிப்பது 190 என்று வையுங்கள். மொத்தம் 521.

சிக்கல் இங்கேதான். இலவச யூனிட் போக, 500க்குள் இருந்தால் ஒரு கட்டண வரிசை, 500ஐத் தாண்டினால் வேறு வரிசை. நடுவில் இருக்கும் மலிவான படி காணாமல் போய்விடும். 331க்கும் 190க்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் வரும் தொகையும் 521க்கு வரும் தொகையும் ஒன்றாக இருக்காது. நேர்மையான வழி, வரும் பில்லை யூனிட் விகிதத்தில் பங்கு போடுவது: 521இல் 331 அவருடையது. அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால் நிறுத்தி வைத்த பணத்தில் ஒரு முழுத் தொகையைப் பேசி முடித்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்காக மனஸ்தாபம் வேண்டாம், ஆனால் ரீடிங் போட்டோ மட்டும் கட்டாயம் வேண்டும். பின்னால் ஆடிட் பில் வந்தால் எது யார் காலம் என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

முதல் ஒரு மாதத்துக்குள்

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வருடக்கணக்கில் பழைய ஓனர் பெயரிலேயே பில் கட்டுகிறவர்கள் சென்னையில் ஏராளம். ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள், ஆகிற வரைக்கும். மூன்று இடத்திலும் வரிசை ஒன்றுதான்: நிலுவையைச் சுத்தமாக்கு, கிரயப் பத்திர நகலையும் வரி ரசீதையும் தளத்தில் ஏற்று, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள். முதலில் மாநகராட்சிச் சொத்து வரியில் மாற்றுங்கள். அந்த ரசீது கையில் இருந்தால் மெட்ரோ வாட்டரிலும் இ.பி.யிலும் வேலை சுலபம். இ.பி.யில் ஆதார் இணைப்பும் பழைய ஓனருடையதாக இருக்கும், 2022 கடைசியில் எல்லாரையும் இணைக்கச் சொன்னார்களே, அது. அதையும் மொபைல் எண்ணையும் மாற்றாவிட்டால் பில் குறுஞ்செய்தி அவருக்கே போய்க்கொண்டிருக்கும். கடைசித் தேதி உங்களுக்குத் தெரியாது. ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள்தான் கெடு.

கேஸ் சிலிண்டர், போன், இன்டர்நெட், டிஷ் இதற்கெல்லாம் கவலை வேண்டாம். அவை ஆளோடு போகிறவை. பழைய ஓனரின் பிராட்பேண்ட் பாக்கிக்காக யாராவது உங்கள் கதவைத் தட்டினால் அவர் போன இடத்தைச் சொல்லி அனுப்பிவிடலாம்.

ஏலத்தில் வாங்கினால்

பேங்க் ஏல நோட்டீசில் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்று ஒரு வாசகம் இருக்கும். சொத்தின் மேல் என்ன பாக்கி இருந்தாலும் அதற்கு விற்பவர் பொறுப்பேற்கவில்லை என்று ஏலம் கேட்பவருக்குக் கொடுக்கும் முன்னறிவிப்புதான் அது என்று 2023 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கில் இருந்தவர்களே ஏலத்தில் வாங்கியவர்கள்தான். அவர்கள் மின் இணைப்புக்கு விண்ணப்பித்த தேதியிலிருந்து ஏறிய வட்டியை மட்டும் தள்ளுபடி செய்தார்கள், அசல் அசல்தான். பழைய ஓனர் கோபத்தில் இருப்பார், எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். ஏலத் தொகை கேட்பதற்கு முன்பே மேலே சொன்ன மூன்று அலுவலகக் கணக்கையும் எடுத்து, அதைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். பழைய தொழிற்கூடம், கல்யாண மண்டபம் மாதிரி இடங்களில் இ.பி. பாக்கியே லட்சக்கணக்கில் இருக்கும்.

எல்லாம் பார்த்தும் பாக்கி கிளம்பினால்

முதலில் எந்தக் காலத்துப் பாக்கி, எந்த சர்வீஸ், அசல் எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். கட்டாததற்காக லைனை வெட்டுவதற்கு முன் எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று மின்சாரச் சட்டம் 56(1) சொல்கிறது. கணக்கே தப்பு என்று தோன்றினால் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். அங்கும் திருப்தி இல்லை என்றால் மேல்முறையீட்டுக்கு மின்சார ஒம்பட்ஸ்மன் என்ற குறைகேட்பு அதிகாரி. மாநகராட்சிக்கு 1913, மெட்ரோ வாட்டருக்கு 1916.

கணக்கு சரிதான், கரண்ட் உடனே வேண்டும் என்றால் கட்டிவிட்டு விற்றவரிடம் வசூலிப்பதே வேகமான வழி. நான் அதைத்தான் செய்தேன். இன்னொருவர் சட்டப்படி கட்ட வேண்டியதை, உங்கள் நலனைக் காத்துக்கொள்ள நீங்கள் கட்டினால், அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமையை 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தருகிறது. கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ரசீதில் சர்வீஸ் நம்பரும் பாக்கிக் காலமும் தெளிவாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

என் விஷயத்தில் ரசீது நகல், கிரயப் பத்திர நகல், மீட்டர் போட்டோ மூன்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். விற்றவர் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அவருடைய மகள் கூப்பிட்டு, "அப்பாவுக்கு நிஜமாவே தெரியாது அங்கிள்" என்று சொல்லி 15,000 அனுப்பிவைத்தார். மீதி 8,640க்குக் கோர்ட்டுக்குப் போனால் ஆட்டோ செலவே அதைத் தாண்டும் என்று விட்டுவிட்டேன். செத்த மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதே ஆணித் துளைகளில்தான் மாடி போர்ஷனின் மீட்டர் இப்போது ஓடுகிறது.